வடிவும் நடிப்பும்

ஒரு துறையிற் பெயர்பெற்றார் பிறிதொரு துறையிற் புகுங்கால், உலகினர் அவரை ஐயக் கண்கொண்டே நோக்குவர். புலவர் அமைச்சராயினும், வழக்கறிஞர் புலவராயினும் இவ்வையம் எழவே செய்யும். ஆயினும், ஆடையணி உடுத்துக் காட்டும் மாடல் நங்கை ஒருத்தி நடிகையாகப் புகுவாளாயின், ஐயம் இகழ்ச்சியாகவே மாறிவிடுகின்றது. முகத்தை ஒரு கடையில் விற்றவள் இப்பொழுது அதே முகத்தை வேறொரு கடையில் விற்கின்றாள் என்று நகைப்பார் பலர். இந்நகைப்பு முறையன்று என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது. பிரெஞ்சு நாட்டு நடிகையாராகிய லெத்தீசியா காஸ்தா என்பாரின் தொழில் வாழ்க்கையை இதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டோம். அவர் வாழ்க்கை அவ்விகழ்ச்சியை முற்றிலும் பொய்யாக்குகின்றது என்று கூறோம். ஒரு பகுதியை மெய்யாக்கவும் செய்கின்றது. அதனாலேயே அஃது ஆராய்தற்கு உரியதாகின்றது.

காஸ்தா அம்மையார் 1978-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் நார்மண்டிப் பகுதியைச் சார்ந்த போந்தோதெமேர் என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் வழியிற் கார்சிகாத் தீவினர். 1993-இல், 15 வயதுச் சிறுமியாக விடுமுறையைக் கழிக்க அத்தீவிற்குச் சென்றிருந்த காலத்து, மாடல் நிறுவனம் ஒன்றைச் சார்ந்த புகைப்படக்காரர் கண்ணிற் பட்டார். அவ்வளவே. தேர்வு எழுதினாரல்லர், விண்ணப்பம் விடுத்தாரல்லர். சில ஆண்டுகளுக்குள் பல நாட்டு இதழ்களின் முகப்பிலும் அவர் படம் வெளிவந்தது. ஈவ் சேன் லோரான் என்னும் பெரும் ஆடை வல்லுநர் 1999-இல் ரோஜா மலர்களாலேயே ஒரு மணக்கோலம் அமைத்தபோது, அதனைத் தாங்கி நடந்தவர் இவரே.

அழகும் ஒரு தாலந்துதானா என்னும் வினா இவ்விடத்தில் எழும். தாலந்து உவமையின்மேற் பிரசங்கிப்போர் அறிவையும், செல்வத்தையும், குரல் வளத்தையும் எடுத்துக்காட்டுவரேயன்றி முகத்தை எடுத்துக்காட்ட யாம் கேட்டிலேம். அழகைக் குறித்துப் பேசுங்கால் நம் சபைகளில் எச்சரிக்கையே மிகும். எச்சரிக்கை வேண்டுவதுதான். எனினும், கணக்கிற் சிறந்த மூளையை ஒருவன் தானே ஆக்கிக்கொண்டானல்லன். கண்ணையும் மூக்கையும் ஒருத்தி தானே ஆக்கிக்கொண்டாளல்லள். இரண்டும் கொடைகளே. பெற்றமைக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. பெற்றதைக் கொண்டு என் செய்தாய் என்பதே உவமையில் வரும் எசமான் வினவிய வினா.

மாடல் தொழிலுக்கும் நடிப்புக்கும் உள்ள தொலைவைச் சிறிது அளந்து காண்போம். இரண்டும் முகத்தால் நடைபெறுவன ஆதலின், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லுதல் அடுத்த அறைக்குச் செல்லுதல் போன்றது என்று பலரும் எண்ணுகின்றனர். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நகையும், அழுகையும், இளிவரலும், மருட்கையும், அச்சமும், பெருமிதமும், வெகுளியும், உவகையும் மெய்யின்கண் தோன்றுதலே நடிப்பிற்கு உயிர். ஆடையணி மேடையிலோ மெய் உண்டு, மெய்ப்பாடு இல்லை. இருத்தலும் ஆகாது, அங்குக் காட்டப்படும் பொருள் ஆடையாதலின், அணிந்தவர் அழுதாலும் சிரித்தாலும் காண்போர் கண் ஆடையை விட்டு அகன்றுவிடும். நிழற்படத்திற்கு நிற்பவர் ஒரு கணத்தை அழகுற நிறுத்தக் கற்கின்றார். நடிப்பவரோ எக்கணத்தையும் நிறுத்தாது அடுத்த கணத்திற்கு விட்டுக்கொடுக்கக் கற்றல் வேண்டும். பேச்சு என்பதோ முன்னதில் அறவே இல்லை. ஆகவே மாடலாக இருந்தவர் நடிப்பிற்குட் புகும்போது கைம்முதலோடு வருவது போலத் தோன்றினும், மறக்க வேண்டிய பழக்கங்களையும் சுமந்துகொண்டே வருகின்றார். போதாக்குறைக்கு அம்முகத்தைக் காண்போர் அனைவரும் முன்னரே அறிவர். ஏழைப் பணிப்பெண்ணாக அவர் திரையில் தோன்றினும், நறுமணத் தைலத்தின் விளம்பரமே அவர்கள் நினைவிற்கு வரும்.

1999-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் வெளிவந்த ‘அஸ்தெரிக்சும் ஒபெலிக்சும் சீசருக்கு எதிராக’ என்பதே காஸ்தாவின் முதற் படம். கோசினி எழுத உதெர்சோ வரைந்த சித்திரக்கதை நூல்களைப் பிரெஞ்சு நாட்டில் அறியாதார் இலர். அவற்றைத் தழுவிக் கிளோத் சிடி இயக்கிய அப்படத்தை அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் கண்டனர். ஜெரார் தெபார்தியூ பருத்த ஒபெலிக்சாக நடித்தார். காஸ்தாவிற்குக் கிடைத்த பாத்திரம் ஃபல்பலா. கதையில் அவளுக்குள்ள பணி யாது? வருகின்றாள், ஒபெலிக்சு கண்டு வாய் பிளந்து நிற்கின்றான். வேடிக்கை முழுவதும் அவன் வாயில் உள்ளதேயன்றி அவள் வாயில் இல்லை. இகழ்வார்க்கு இப்படம் நல்ல சான்று. இதனை மறைப்பதிற் பயனில்லை. அவர் முகம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையையே இப்படமும் அவரிடம் கேட்டது.

உண்மையான தேர்வு அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் வந்தது என்பது எம் கருத்து. ரெழீன் தெஃபோர்ழ் என்னும் பெண் எழுத்தாளர் 1981-இல் வெளியிட்ட ‘நீல மிதிவண்டி’ என்னும் புதினம் அந்நாட்டிற் பெருவிற்பனை கண்டது. அமெரிக்கப் புதினம் ஒன்றன் உரிமையாளர் அதன்மேல் வழக்குத் தொடுத்து, நெடுநாள் நடந்து, தெஃபோர்ழ் அம்மையார் வென்றது தனிக்கதை. அப்புதினம் 2000-இல் மூன்று பகுதிகளாகப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. தலைவி லேயா, போர்தோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டத்துச் செல்வ மகள். செருமானியர் நாட்டைக் கைப்பற்றிய காலத்தில் மிதிவண்டியில் ஏறி மறைச்செய்தி கொண்டுசெல்பவளாக மாறுகின்றாள். இப்பாத்திரத்தில் வாய் பிளந்து நிற்கும் ஒபெலிக்சு ஒருவனும் உதவிக்கு வாரான். பல மணி நேரம் ஒருத்தியே கதையைத் தாங்கிச் செல்லுதல் வேண்டும். திரைப்படக் கொட்டகையில் மயங்கும் கண், இல்லத்து விளக்கொளியில் அவ்வளவு எளிதாக மயங்குவதன்று. தொலைக்காட்சியைத் திரைப்படத்திற்குத் தாழ்ந்த தம்பியென்று எண்ணுவார் பலர். ஆயினும் புதிய நடிகர்க்கு அது கண்டிப்புள்ள ஆசிரியர்.

இவ்வாறு அவர் பேசக் கற்றுக்கொண்டிருந்த அக்காலத்திலேயே அவர் நாட்டார் அவரைக் கல்லாக்கினர். இச்செய்தியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பிரெஞ்சுக் குடியரசிற்கு மரியான் என்னும் கற்பனைப் பெண் அடையாளம். அவளது மார்பளவுச் சிலை ஊர்தோறும் நகரமன்றத்தில் நிற்கும். முற்காலத்தில் அம்முகம் யாருடைய முகமும் அன்று. 1960-களின் இறுதியில் நடிகை பிரிஜித் பார்தோவின் சாயலில் அதனைச் செதுக்கினர். பின்னர் கத்தரீன் தெனவ் முதலியோர் சாயலிலும் வந்தது. 1999-இல் நாட்டிலுள்ள ஊர்த்தலைவர்கள் வாக்களித்துப் புத்தாயிரத்தாண்டின் மரியானாகக் காஸ்தாவைத் தெரிந்தெடுத்தனர். அப்பொழுது அவருக்கு 21 வயது. சில மாதங்கள் செல்லவில்லை. அவர் லண்டன் மாநகரிற் குடியிருப்பு எடுத்துவிட்டார் என்னும் செய்தி பரவிற்று. குடியரசின் முகம் வரிக்கு அஞ்சி அயல்நாடு சென்றது என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன, அரசியலாரும் சேர்ந்துகொண்டனர். வரி காரணமன்று என்று அவர் தரப்பில் மறுக்கப்பட்டது.

இதில் யார்மீது குறை? வரி கொடுத்தல் குடிமக்கள் கடமை என்பதில் எமக்கு ஐயமில்லை. சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுக்க நம் வேதமும் கட்டளையிடுகின்றது. ஆனால், நாட்டார் அவரைத் தெரிந்தெடுத்தபோது அவர் கணக்குப் புத்தகத்தையோ, நாட்டுப்பற்றையோ, அறிவையோ பார்த்தாரல்லர். கன்னத்தையும் கழுத்தையும் பார்த்தனர். கல்லில் வடித்தால் நன்றாயிருக்கும் என்று தெரிந்தெடுத்துவிட்டு, அவர் கல்லாக ஒரே இடத்தில் நில்லாமற் போனாரே என்று வருந்தினர். கல்லுக்கு வாடகை வீடு வேண்டா. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு வேண்டும். ஒருவரை முகத்தால் மட்டும் உயர்த்துவோர், அம்முகத்தின் பின் ஓர் ஆள் இருப்பதைக் கண்டவுடன் சினங்கொள்ளுதல் பிரெஞ்சு நாட்டிற்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

எதிர்வழக்காடுவார்க்கும் இடம் தருதல் வேண்டும். பாரிசு நகரில் அரசினர் நாடகக் கல்லூரி ஒன்றுண்டு. ஆண்டுதோறும் பெருந்திரளானோர் முயன்று, மிகச் சிலரே அதிற் சேர்கின்றனர். மூவாண்டு குரலையும், மூச்சையும், உடலசைவையும் பயில்கின்றனர். அங்ஙனம் பயின்று வெளிவந்தும் இரண்டு வரி பேசும் வேடத்திற்குக் காத்திருக்கும் பெண்கள் இருக்க, ஒரு வரியும் மேடையிற் பேசியறியாத ஒருவருக்குக் கோடிக்கணக்கிற் செலவிட்ட படத்தில் இடம் கொடுத்தது நேர்மையா என்று அவர்கள் கேட்கின்றனர். நேர்மையன்று என்பதே எம் விடை. குற்றம் படமெடுப்போர் மேலது, காஸ்தாவின் மேலதன்று என்று கூறித் தப்பித்தல் எளிது. ஆயினும் இடம் கொடுத்தபோது அவர் மறுத்தாரல்லர். யார்தாம் மறுப்பர்? ஆகவே அவர் கடன்பட்டே நுழைந்தார் என்று கொள்வோம். அக்கடனை அடைத்தாரா என்பதைப் பின் வந்த ஆண்டுகளைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

ஃபல்பலாவைப் போன்ற வேடங்களையே ஏற்று அவர் செல்வம் குவித்திருக்கலாம், தடுப்பார் இலர். 2001-இல் ராவுல் ரூயிஸ் என்னும் சிலி நாட்டு இயக்குநரின் ‘வலிய உள்ளங்கள்’ என்னும் படத்தில் நடித்தார். ழான் ஜியோனோவின் புதினத்தைத் தழுவிய அப்படம் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவின் நிறைவுப் படமாகக் காட்டப்பெற்றது. தெரேஸ் என்னும் அவ்வேடம் எளிதன்று. ஊரைவிட்டுக் காதலனோடு ஓடிவந்த பணிப்பெண், தனக்கு அன்பு காட்டிய சீமாட்டியின்பால் நன்றியுடையவளா, அவளை அழிக்கச் சூழ்ந்தவளா என்பது ஜியோனோவின் நூலிலேயே துணிதற்கரியது. பேதைமை குடிகொண்ட முகம் என்று ஊரார் நம்பும் முகத்தின்மேல் ஐயத்தைப் படரவிடும் வேடம் அது. 2004-இல் தாவியானி உடன்பிறந்தார் இருவரும் இத்தாலியத் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘லூயிசா சான்ஃபெலிச்சே’யில், 1799-ஆம் ஆண்டு நேப்பிள்சுப் புரட்சியில் அகப்பட்டு மறு ஆண்டு தலை துணிக்கப்பட்ட பெண்ணாகத் தோன்றினார். இடையிடையே வந்த சுவடு தெரியாமற் போன படங்களும் உள, அவற்றை விடுப்போம்.

அதே 2004-இல் அவர் நாடக மேடை ஏறினார். ஜிரோது 1939-இல் அளித்த ‘ஓந்தீன்’ என்னும் நாடகத்தில், மானிட வீரனைக் காதலித்த நீர்மகள் வேடம். மேடையில் ஒளிப்படக் கருவி முகத்தருகே வாராது. தவறிய காட்சியை மறுமுறை எடுத்தலும் இல்லை. கடைசி வரிசையில் இருப்பார்க்கு முகமே சரியாகத் தெரியாது. அவ்வளவு தொலைவிற்குச் செல்லுவது குரல் ஒன்றே. முகத்தாற் பெயர்பெற்றவர் முகம் உதவாத இடத்தைத் தாமே தேடிச் சென்றார் என்பது எம் கண்ணிற்குப் பெரிதாகப் படுகின்றது. 2008-இலும், பின்னர் 2017-இலும் மீண்டும் மேடைக்குத் திரும்பினார்.

தைவானிற் பணியாற்றும் இயக்குநர் சாய் மிங் லியாங், பாரிசு லூவர் காட்சிச்சாலையின் துணையோடு எடுத்த ‘முகம்’ என்னும் படம் 2009-இல் கான் விழாவிற் போட்டியிட்டது. பெயரே முகம்! அதில் காஸ்தா சன்னற் கண்ணாடியைக் கரிய ஒட்டுநாடாவாற் சிறிது சிறிதாக மூடி, தம்மீது விழும் ஒளியைத் தாமே அணைக்கும் நெடுங்காட்சி ஒன்றுண்டு. பொறுமையற்றவர் அதனை இறுதிவரை காணார். எனினும் அக்காட்சிக்கு இவரினும் பொருத்தமான நடிகை கிடைத்தல் அரிது.

2010-இல் வந்தது ‘கேன்ஸ்பூர்’. பாடகர் செர்ழ் கேன்ஸ்பூரின் வாழ்க்கையைக் கூறும் அப்படத்தில் காஸ்தா பிரிஜித் பார்தோவாக நடித்தார். அவரும் இதழ் முகப்பில் தோன்றிப் பின்னர் நடிகையானவர். அவரும் ஒருகாலத்து மரியான். நாயைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் அவர் நடந்துவரும் காட்சியிற் கொட்டகைகள் அதிர்ந்தன. அவ்வேடத்திற்காக 2011-இல் சேசார் பரிசுக்குரிய துணை நடிகையருள் ஒருவராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு பிறிதொருவர்க்குச் சென்றது. அவர் அதில் நன்றாக நடித்தார் என்பதை மறுக்கோம். பார்தோவின் பேச்சிழுப்பும் உதட்டுச் சுழிப்பும் கேலியாகாமற் காத்தமை சிறிய திறமன்று. ஆயினும், பேரழகி ஒருத்தி பேரழகி ஒருத்தியாக நடிக்கும் வேடத்தையே பரிசுக் குழுவினர் கண்டு பாராட்டினர் என்பதைக் குறிக்காதிருக்க முடியவில்லை.

எம்மைக் கேட்பின், அவரது சிறந்த வேடம் 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கொட்டகைகளுக்கு வந்த படத்தில் உள்ளது என்போம். பெர்தினான் செவால் என்பவர் திரோம் மாவட்டத்து ஓத்ரீவ் என்னும் சிற்றூரின் அஞ்சற்காரர். 1879-இல் கடிதம் கொண்டுசெல்லும் வழியில் ஒரு கல்லில் இடறினார். அதன் வடிவழகில் ஈடுபட்டு எடுத்துவைத்தார். அன்று தொடங்கி, நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து கடிதம் கொடுத்த பின்னர், கற்களைச் சட்டைப்பையிலும், கூடையிலும், தள்ளுவண்டியிலும் சேர்த்துக் கொணர்ந்து, சிற்பம் பயிலாத தம் கையாலேயே ஒரு மாளிகை கட்டினார். 1912-இல் முடிந்தது, 33 ஆண்டுகள். ஊரார் பித்தர் என்றனர். 1969-இல் பிரெஞ்சு அரசினர் அதனைக் காக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தனர். இன்றும் அது நிற்கின்றது.

நீல்ஸ் தாவர்னியே இயக்கிய அப்படத்திற் செவாலாக ழாக் காம்ப்லேனும், மனைவி பிலோமேனாகக் காஸ்தாவும் நடித்தனர். பித்தர் என்று ஊரார் கூறும் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் வேடம். பேச்சு மிகுதியன்று. தலையில் முக்காடு, கையில் வீட்டுவேலை, முற்றத்தில் வளர்ந்துகொண்டே போகும் கற்குவியல். பதினைந்தாம் வயதில் ஒரே மகளை இழக்கின்றாள். கணவனோ துயரத்தைப் பேசத் தெரியாதவன், மீண்டும் கல்லிற்கே செல்கின்றான். அவனைக் கடிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. காஸ்தா அவ்வுரிமையைக் கையிலெடுத்து, உடனே கீழே வைத்துவிடுபவராக அப்பெண்ணைக் காட்டுகின்றார். வெகுளி தோன்றி, அதன்மேல் இரக்கம் வந்து கவிந்து, இரண்டும் சொல்லாகாமலே அடங்குகின்றன. ஓராண்டில் நிகழ்வதன்று இது. இளமையினின்று மூப்புவரை நடத்தல் வேண்டும். அம்முகத்தை விளம்பரப் பலகையில் முன்னர்க் கண்டோம் என்னும் நினைவே யாருக்கும் வாராது. அடுத்த ஆண்டுச் சேசார் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முகம் முன்வந்து நின்றபோது முன்மொழிந்தவர்கள், முகம் மறைந்து ஆள் தோன்றியபோது காணாதிருந்தனர். இதனை முறையற்றது என்றே சொல்லுவோம்.

அதற்குச் சிறிது முன், 2018-இல், தம் கணவராகிய லூயி கரேல் இயக்கி நடித்த ‘உண்மையுள்ள மனிதன்’ என்னும் படத்திலும் அவர் தலைவியாக நடித்தார். வேடத்தின் பெயர் மரியான்! தன்னோடு வாழும் ஆடவனிடம், வேறொருவன் குழந்தையைக் கருவுற்றிருப்பதையும் அவனை மணக்கவிருப்பதையும் கடைக்குச் சென்றுவரும் செய்தியைப் போல அமைதியாகக் கூறும் முதற்காட்சி, ஒழுக்க வகையில் நமக்கு ஒவ்வாததாயினும், நடிப்பு வகையிற் படித்துப் பார்க்கத்தக்கது. கருவியின் மறுபுறத்தையும் அவர் நாடினார்: தாமே இயக்கிய ‘என்னுள்’ என்னும் குறும்படம் 2016-இல் கான் விமரிசகர் வாரத்தின் நிறைவு நாளிற் காட்டப்பெற்றது. தொலைக்காட்சியையும் விட்டாரல்லர். 2020 சனவரியில் ஆர்த்தே நிலையம் ஒளிபரப்பிய ‘ஒரு தீவு’ என்னும் ஆறு பகுதித் தொடரில் மீண்டும் நீர்மகளானார். ஓந்தீன் காதலுக்காக வருந்தியவள். இவளோ ஆடவரைக் கடலுக்குள் இழுத்துக் கொல்பவள்.

2021-இல் அவர் ஏற்ற மேடைப் பணியைக் கூறி முடிப்போம். கிளாரா ஹாஸ்கில் என்பார் 1895-இல் ருமேனியா நாட்டுப் புக்கரெஸ்டு நகரிற் பிறந்த பியானோக் கலைஞர். மோட்சார்ட்டை வாசிப்பதில் ஒப்பற்றவர் என்று போற்றப்பட்டவர். இளமையிலேயே முதுகெலும்பு வளைந்து நோயுற்றார். யூதராதலின் போர்க்காலத்தில் ஓடி ஒளிந்தார். முதுமை நெருங்கியபின்னரே உலகம் அவரை அறிந்தது. 1960-இல் பிரசெல்சு இரயில் நிலையத்தில் விழுந்து, அக்காயத்தால் இறந்தார். அவர் வாழ்க்கையைக் கூறும் நாடகத்தைச் சஃபி நெபு இயக்கினார். அதில் நடிப்பவர் ஒருவரே. வளைந்த முதுகினரான கிளாராவாகவும், அவர் வாழ்விற் குறுக்கிட்ட பலராகவும் காஸ்தாவே மாறி மாறிப் பேசுகின்றார். மேடையின் ஒருபுறம் பியானோவில் அமர்ந்து வாசிப்பவர் வேறொருவர்; பேச்சு முழுவதும் இவருடையது.